சொல்லிக்கொண்டு கிளம்ப முடியாத வேலை

சம்பளம் வாங்கிக்கொண்டு ஆறுதல் சொல்கிறவள் நான். இதைக் கேட்டதும் சிரிக்காத ஆளை இன்னும் பார்க்கவில்லை. என் தம்பியே, "கூலிக்கு அழறவங்கள கேள்விப்பட்டிருக்கேன். அழறவங்க பக்கத்துல உக்கார்றதுக்குமா ஆள் போடறாங்க?" என்று கேட்டான். போடுகிறார்கள். புயலோ வெள்ளமோ வந்த ஊருக்கு அரிசி கொடுக்க ஒரு குழு போகும், மாத்திரை கொடுக்க ஒரு குழு போகும், எதுவும் கொடுக்காமல் உட்கார்ந்து கேட்பதற்கு எங்கள் குழு போகும். மனநலம், ஆன்மிகத் துணை என்றெல்லாம் எங்கள் தொண்டு நிறுவனத்தின் பலகையில் எழுதியிருக்கிறது. போகிற ஊரில் எங்களுக்குப் 'பேச வந்தவங்க' என்றுதான் பெயர்.

இதில் இன்னொரு வேடிக்கை, எனக்கு இயல்பிலேயே பொறுமை கிடையாது. மூக்குக்கு மேல் கோபம் வரும். திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்கிற வேலையில் இருந்தேன். அங்கே கத்தாமல் இருக்கப் பழகிக்கொண்டதை வைத்துத்தான் இங்கே காலம் தள்ளுகிறேன். துக்க வீட்டுக்குப் போய், என்ன பேசுவதென்று தெரியாமல் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான். உங்களுக்கு அது எப்போதாவது நேர்வது. எனக்கு அதுதான் ஆபீஸ். மரக்காணத்தில் நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

கையில் ஒன்றும் இல்லாமல் வந்தவள்

புயல் போன பிறகு மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது தண்ணீர் வடிய ஆரம்பித்திருந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் உப்பளம். போன வருஷத்து உப்பை மலையாகக் குவித்து, கீற்று போட்டு மூடி வைத்திருப்பார்கள். இப்போது கீற்று மட்டும் தரையோடு தரையாகக் கிடந்தது. அதற்கடியில் இருந்த உப்பு வந்த வழியே தண்ணீரோடு போய்விட்டது. உப்பளத் தொழிலாளர்கள் குடியிருக்கும் தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நனைந்த பாயும் பெட்டியும் வெயிலுக்குக் காத்துக்கொண்டிருந்தன. முதல் வீட்டில் பச்சையம்மாள் நின்றாள். நாற்பது வயது இருக்கும். உப்பு வாரி வாரி உரமேறிய கை. நான் பயிற்சியில் சொல்லித்தந்தபடி பெயரையும் திண்டிவனத்திலிருந்து வருவதையும் சொல்லி, "உங்க கூட பேசலாம்னு வந்திருக்கேன்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள்.

"தார்ப்பாய் இருக்குதா?"

"இல்லைங்க."

"கொசுவத்தி?"

"அதுவும் இல்ல. உங்க மனசுல இருக்கறத எங்கிட்ட தாராளமா சொல்லலாம்."

அவள் சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கிளம்பிவிடலாமா என்று யோசிப்பதற்குள் ஈரப் போர்வையின் ஒரு முனையை என் கையில் திணித்து, "அந்தப் பக்கமா முறுக்குங்க" என்றாள். முறுக்கினேன். சேலை, ஜமுக்காளம், பிள்ளைகளின் யூனிஃபார்ம் என்று ஒவ்வொன்றாக வந்தது. பிழிகிற வேகத்திலேயே அவள் பேசவும் ஆரம்பித்தாள். தண்ணீர் வீட்டுக்குள் ஏறியது, கட்டில் மேல் நின்றது, உப்பு கரைகிற சத்தம் கேட்டதாகவே தோன்றியது, இந்த வருஷம் வேலை எப்போது தொடங்குமோ என்ற பயம், எல்லாம் வந்தது. நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கை வலித்ததால் கேட்கத் தோன்றவும் இல்லை. கடைசித் துணியையும் கொடியில் போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நின்று சொன்னாள்:

"பேசறதுக்கு எதுக்கும்மா திண்டிவனத்துலேர்ந்து வரணும்? இங்க எல்லாருக்கும்தான் வாய் இருக்குது. புழியறதுக்குத்தான் ஒரு கை கொறையுது, நாளைக்கும் வாங்க."

பயிற்சியின் கடைசி வரி

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது தலையில் அடித்து அடித்து ஏற்றிய விதிகள் சில உண்டு. 'எனக்குப் புரியுது' என்று சொல்லாதே. 'எல்லாம் சரியாயிடும்' என்று சொல்லாதே. பொய் நம்பிக்கை கொடுக்காதே. கடைசி விதிதான் முக்கியம்: கிளம்பும்போது, மறுபடி வருவாய் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டுக் கிளம்பு. எல்லாம் இழந்தவர்களுக்கு 'இவர் திரும்ப வருவார்' என்ற ஒரு நிச்சயமாவது இருக்கட்டும் என்பது இதன் தாத்பரியம். நல்ல விதிதான். சொல்லித்தந்தவர்கள் நம் ஊர் எழவு வீட்டை மட்டும் மறந்துவிட்டார்கள்.

அதே தெருவில் கோவிந்தன் என்று ஒரு பெரியவர். புயலில் சுவர் இடிந்து விழுந்து அவருடைய மனைவி இறந்துபோனார். நான் போய் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து, அந்தம்மாள் தினமும் உப்பளத்துக்குத் தன்னைவிட வேகமாக நடப்பாள் என்றும், 'ஏன் ஆமை மாரி வர்ற' என்று திட்டுவாள் என்றும் சொல்லி லேசாகச் சிரித்தார். எனக்குள் ஒரு திருப்தி. வேலை நன்றாகவே நடக்கிறது என்ற மிதப்பில் எழுந்து, பயிற்சி பெற்ற வாயால் தெளிவாகச் சொன்னேன்: "போயிட்டு வர்றேங்க. அடுத்த வாரம் மறுபடி வர்றேன்."

வாசலில் இருந்த பெண்கள் அப்படியே நிமிர்ந்தார்கள். ஒருத்தி வாயில் கைவைத்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழவு வீட்டிலிருந்து போகும்போது 'வர்றேன்' என்று சொல்லக்கூடாது, சொல்லிக்கொள்ளாமல்தான் எழுந்து போக வேண்டும். இது எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் இப்படி ஒரு வீட்டில் வாய் தவறியதற்கு அம்மா தொடையில் கிள்ளிய கிள்ளு இன்னும் நினைவில் இருக்கிறது. அந்தக் கிள்ளலையே மறக்கடித்துவிட்டது எங்கள் பயிற்சி. பெரியவர் மட்டும் கோபப்படவில்லை. என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்:

"நீ நல்ல மனசோடத்தான் சொல்ற. ஆனா இந்த வூட்டுக்கு நீ இப்பிடி இன்னொரு தபா வர்ற மாரி எதுவும் நடக்க வேணாம்மா."

சகாயத்தின் கால்

எங்கள் குழுவில் எனக்குத் துணை சகாயம். கிளியனூர் பக்கம் ஒரு சிற்றாலயத்தில் உபதேசியாராக இருக்கிறவர். மைக் வேண்டாத குரல். யாராவது கண் கலங்கினால் உடனே ஜெபம் சொல்லத் தொடங்கிவிடுவார் என்பதால், 'அவங்களா கேட்டாலொழிய ஜெபம் கிடையாது' என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன். மனிதர் தங்கமானவர். பல்லைக் கடித்துக்கொண்டு அடங்கியிருந்தார்.

தண்ணீர் வடிந்து, பாத்திகளை மிதித்து இறுக்கி உப்பளத்தைத் தயார் செய்ய வேண்டிய நேரம் வந்தது. ஆனால் ஒருவரும் பாத்தியில் கால் வைக்க மறுத்தார்கள். வாய்க்கால் தலைப்பில் ஓர் அம்மன் கல் இருக்குமாம். மஞ்சள் பூசி, கற்பூரம் ஏற்றிய பிறகுதான் வேலையைத் தொடங்குவார்கள். புயல் அந்தக் கல்லை உருட்டிக்கொண்டு போய்விட்டது. வேறு ஒரு கல்லை வைத்துக்கொள்ளலாமே என்று நான் சொன்னதற்குப் பச்சையம்மாள் பார்த்த பார்வையில் என் படிப்பெல்லாம் வாய்க்காலில் போயிற்று. ஆன்மிகத் துணை என்று பலகையில் எழுதியிருக்கிறதே, அதற்கு இதுதான் அர்த்தம் என்று முடிவு செய்து, நானும் சகாயமும் அவர்களோடு சேற்றில் இறங்கினோம். முழங்கால் வரை சேறு. ஆளுக்கொரு பக்கம் துழாவினோம்.

மத்தியானத்துக்குப் பிறகு சகாயம் திடீரென்று சிலையாக நின்றார். முகம் வெளிறிவிட்டது. "மேடம், கால்ல ஏதோ தட்டுப்படுது. அதுதான்னு நெனைக்கிறேன். ஆனா நான் அது மேலயே நிக்கிறேன்" என்றார், குரலே எழும்பாமல். இன்னொரு மதத்துச் சாமியை மிதித்துவிட்டோமே என்று அந்த மனிதருக்குக் கண்ணில் தண்ணீர். காலை எடுத்தால் கல் மறுபடி புதைந்துவிடுமோ என்று வேறு பயம். எடுக்காமல் நிற்கவும் பயம். பச்சையம்மாள் சேற்றைத் தள்ளிக்கொண்டு அவரிடம் வந்தாள்.

"சேத்துக்குள்ள கால் எது கை எதுன்னு அவ பாத்துக்கினா இருக்கப் போறா? மூச்சு முட்டிக் கெடக்குறா, மொதல்ல தூக்குங்க சாரு."

சுகந்தி வீட்டு வாசற்படி

இனிமேல் சொல்லப்போவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. உப்பளத்தைத் தாண்டிக் கடலோரம் மீனவக் குப்பம். அதில் கரைக்குப் பக்கத்து வரிசையில் சுகந்தியின் வீடு. புயல் நெருங்கிய காலையில் குப்பத்தில் யாரும் கடலுக்குப் போகவில்லை. கரையில் நின்ற ஃபைபர் படகுகளை மேட்டுக்கு இழுத்து விடுவதற்காகத்தான் ஆண்கள் போனார்கள். ஓர் அலை வந்து சுகந்தியின் கணவர் ஏழுமலையின் படகைத் தூக்கிக்கொண்டு போனது. படகைப் பிடித்துக்கொண்டிருந்த ஏழுமலையும் அதோடு போனார். படகு கவிழ்ந்தபடி தெற்கே வேறொரு கரையில் ஒதுங்கியது. ஆள் கிடைக்கவில்லை. ஆள் இறந்துபோனார் என்ற முடிவுக்கு ஊர் வந்துவிட்டது. சுகந்தி அந்த முடிவுக்கு வரவில்லை. காணாமல் போனவர்களை வேறு படகுக்காரர்கள் காப்பாற்றி ஆந்திரா பக்கம் இறக்கிவிட்ட கதைகள் கடற்கரையில் நிறைய உண்டு. அவை பொய்க் கதைகளும் அல்ல.

நான் போனபோது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். சுகந்தி வாசலில் மீன் காயவைத்துக்கொண்டிருந்தாள். தலை நிறையப் பூ, நெற்றியில் பெரிய பொட்டு. அக்கம்பக்கத்தில் அந்தப் பூவைப் பற்றி ஏற்கெனவே முணுமுணுப்பு இருந்தது. என்னை உட்கார வைத்துப் பேசினாள். ஏழுமலைக்கு மாங்காய் போடாத குழம்பு இறங்காது, சின்னவளை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார், வந்ததும் வீட்டுக் கூரையை மாற்ற வேண்டும் என்றெல்லாம் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டேன். நேரமாயிற்று, எழுந்தேன். பெரியவர் வீட்டில் பட்டது நினைவு இருந்ததால் வாயை இறுக மூடிக்கொண்டு படியிறங்கினேன்.

அவள் பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்றாள். எதற்கோ காத்திருக்கிறாள் என்பது தெரிந்தது. எதற்கு என்பதும் ஒரு கணத்தில் தெரிந்துவிட்டது. சொல்லிக்கொள்ளாமல் போகிற ஒவ்வொருவரும் அவளுடைய புருஷன் செத்துப்போனான் என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள்.

"வர்றவங்க எல்லாம் வாய மூடிக்கினு எழுந்து போறாங்க, எழவு வூட்லேர்ந்து போறாப்ல. நீங்களாவது சொல்லிட்டுப் போங்கக்கா."

மேலிடத்து ஆலோசனை

சொன்னேன். "போயிட்டு வர்றேன் சுகந்தி" என்று தெளிவாகவே சொன்னேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும்தான் எனக்குச் சிக்கல் புரிந்தது. மறுபடி வருவேன் என்று சொல்ல வேண்டும் என்பது விதி. பொய் நம்பிக்கை கொடுக்கக்கூடாது என்பதும் விதி. இந்த ஒரு வீட்டில் மட்டும் ஒரு விதியைக் காப்பாற்றினால் இன்னொன்று உடைகிறது. 'வர்றேன்' என்றால் ஏழுமலை உயிரோடு இருக்கிறார் என்று நானும் கையெழுத்துப் போட்ட மாதிரி. சொல்லாமல் போனால் அவரைக் கொன்ற மாதிரி. அடுத்த தடவை என்ன செய்வது?

சென்னையில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த மேடத்துக்குப் போன் போட்டேன். நல்லவர், நிறையப் படித்தவர். முழுவதும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம், 'உங்களுக்கு என்ன தோணுது?' என்று என்னையே திருப்பிக் கேட்டார். எங்களுக்கே எங்கள் வித்தையா என்று எனக்கு எரிச்சல் வந்தது. கடைசியில், "ரெண்டு பக்கமும் சாயாம நியூட்ரலா ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன், 'பை' மாதிரி" என்றார். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. அடுத்த முறை கிளம்பும்போது, வாசற்படியில் நின்ற சுகந்திக்குக் கையை ஆட்டி "பை சுகந்தி" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பையா? நான் இன்னா எல்கேஜி புள்ளயாக்கா?"

கோட்டக்குப்பத்தில் ஒரு சலாம்

நடுவில் கோட்டக்குப்பத்துக்கும் ஒரு நாள் போகச் சொன்னார்கள். அங்கே பர்வீன் என்ற பெண் தனியாக இருக்கிறார், வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது, புருஷன் வளைகுடாவில், பாவம் என்று தகவல். போனேன். பர்வீன் வீட்டைக் கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, எனக்கு டீயும் போட்டுக் கொடுத்தார். நடுநடுவே புருஷனிடமிருந்து வீடியோ கால் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் போனை வீடு முழுக்கச் சுற்றிக் காட்டி, "பாத்துக்கங்க, சுவர் நிக்குது, ஃபிரிட்ஜ் ஓடுது, நான் சாப்ட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல் தழுதழுப்பது எனக்கே கேட்டது.

கிளம்பும்போது வழக்கம்போல் என் நாக்கு ஒட்டிக்கொண்டது. எந்த வீட்டில் எதைச் சொல்வது என்ற பயம் ஒரு வியாதியாகவே ஆகியிருந்தது. பர்வீன் பாட்டுக்கு இயல்பாக சலாம் சொன்னார். கல்யாண வீட்டுக்கும் அதுதான், மவுத்து வீட்டுக்கும் அதுதான், வரும்போதும் அதுதான், போகும்போதும் அதுதான் என்று விளக்கினார். எனக்கு வந்த பொறாமையை என்னவென்று சொல்வது! சுகந்தி வீட்டில் இப்படி ஒரு வார்த்தை எனக்குக் கிடைத்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். தெருமுனை வரை கூடவே வந்த பர்வீன், போனை என் பக்கம் நீட்டினார்:

"எனக்கு ஒண்ணும் இல்ல மேடம், அவருக்குத்தான் கொஞ்சம் ஆறுதலா பேசுங்க. இங்க புயல் அன்னைக்கே போயிடுச்சு, அவருக்கு அங்க இன்னும் அடிச்சுக்கிட்டே இருக்குது."

எப்போதும் சரியாக வரும் பஸ்

சுகந்தி வீட்டுக்குப் போவதை நிறுத்தவும் மனம் வரவில்லை. போனால் கிளம்பத் தெரியவில்லை. ஆகவே தப்பித்து ஓடுகிற கலையில் இறங்கினேன். ஒரு நாள் போன் வந்த மாதிரி காதில் வைத்துப் பேசிக்கொண்டே படியிறங்கினேன். ஒரு நாள் அவள் தண்ணீர் எடுத்து வர உள்ளே போனபோது நழுவினேன். பெரும்பாலும் கைகொடுத்தது குப்பத்துக்கு வரும் மினி பஸ்தான். "அய்யோ, பஸ்ஸு!" என்று கூவிக்கொண்டு செருப்பைப் பாதி மாட்டியும் மாட்டாமலும் ஓடுவேன். தெருமுனையில் பஸ்ஸும் இருக்காது, ஒன்றும் இருக்காது. புளியமரத்தடியில் மூச்சு வாங்க நிற்பேன். படித்துப் பட்டம் வாங்கியவள் பிழைக்கிற பிழைப்பைப் பார்த்தீர்களா?

இப்படியே தை பிறந்துவிட்டது. பொங்கலுக்கு அவள் வாசலில் கோலம் போட்டிருந்தாள். அண்டை வீட்டுக்காரி ஒருத்தி அதைத் தாண்டிப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுகந்தி அதைப் பார்த்தாள். பார்த்ததை நானும் பார்த்தேன். அன்றைக்கு அவள் அதிகம் பேசவில்லை. நான் எழுந்து, வழக்கம்போல் காதைத் தீட்டிக்கொண்டு, "பஸ்ஸு ஹாரன் கேக்குதில்ல?" என்றேன். காய்ந்த மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"அந்த மினி பஸ்ஸு எங்க எல்லாருக்கும் லேட்டாத்தான் வருது. உங்களுக்கு மட்டும் எப்பிடிக்கா நீங்க எழுந்திருக்கறப்ப கரெக்டா வருது?"

மணி பார்த்தது

ஏழுமலையின் தம்பி மணி. புயலுக்குப் பிறகு கடலில் கால் வைக்கவில்லை. அண்ணன் காரியம் முடியாமல் போகமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு, திருப்பிக் கொண்டுவந்து போட்ட அண்ணனின் படகு நிழலிலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பான். கருமாதியை முடித்துவிடலாம் என்று அண்ணியிடம் ஒரு தடவை கேட்கப் போய், அன்றிலிருந்து அவள் அவனோடு பேசுவதில்லை. ஊரில் பலர் அவனைத்தான் திட்டினார்கள். கடலுக்குப் போக அவ்வளவு அவசரமா என்று நானும்கூட மனதுக்குள் திட்டியிருந்தேன்.

ஒரு நாள் புளியமரத்தடியில் என்னை மடக்கினான். "மேடம், நீங்கதான் எங்க அண்ணிகிட்ட சொல்லணும்" என்றான். எதை என்றேன். படகு போனபோது அலையில் எதுவும் தெரியவில்லை என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருந்தானாம், அது பொய். அவன் பார்த்திருக்கிறான். படகு கவிழ்ந்ததையும், அண்ணன் தலை மேலே வந்ததையும், மறுபடி மேலே வராததையும் கடைசி வரை பார்த்திருக்கிறான். இத்தனை நாளும் அதை யாரிடமும் சொல்லவில்லை. அவனைத் திட்டிய என் மனதை நான் அப்போது திட்டிக்கொண்டேன்.

"நான் சொன்னா அது கதை, மணி. பாத்தவங்க நீங்க. நீங்க சொல்லுங்க, நான் கூட உக்கார்றேன்" என்றேன். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய மருந்து கிடையாது. ஆனால் அவன் தலையை ஆட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தான்.

"பாத்தது நான்தான் மேடம். ஆனா அத என் வாயால சொன்னேன்னா, அந்த வூட்ல நான்தான் எங்க அண்ணன கொன்னவனாயிடுவேன்."

நிஜமாகவே பஸ் வந்த அன்று

அதற்குப் பிறகு மணி என் கண்ணில் படவே இல்லை. நான் வழக்கம்போல் சுகந்தி வீட்டுக்குப் போய், வழக்கம்போல் ஓடிவந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். பச்சையம்மாள் கற்றுக்கொடுத்தது, சும்மா உட்கார்ந்தால் யாருக்கும் பேச்சு வராது. வாசலில் நிழல் தட்டியது. மணி. உள்ளேயும் வரவில்லை, போகவும் இல்லை. என்னை ஒரு தடவை பார்த்தான். நான் பக்கத்துப் படியைக் கையால் தட்டிக் காட்டினேன். அவன் உட்காராமலே, "அண்ணி, நான் பாத்தேன் அண்ணி" என்று ஆரம்பித்துவிட்டான்.

சொல்லி முடிக்கும் வரை சுகந்தி கத்தியைக் கீழே வைக்கவில்லை. முடித்த பிறகும் அவனைப் பார்க்கவில்லை. எழுந்து அவனை அடித்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் போல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. அவளே கேட்டாள்.

"உன்ன பாத்தாரா?"

"பாத்தாரு அண்ணி. நான் தண்ணில எறங்கிட்டேன். வராதடான்னு கைய காட்னாரு."

"காட்டுவாரு" என்றாள் சுகந்தி. அப்புறம்தான் கத்தி கையிலிருந்து விழுந்தது. "ஏன் தம்பி, இத்தினி நாளா இத நீ ஒருத்தனாவா தூக்கிக்கினு திரிஞ்ச?" என்றாள். அதோடு அவள் அழுத அழுகை தெரு முழுக்கக் கேட்டிருக்கும். கோலத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிய அண்டை வீட்டுக்காரிதான் முதலில் ஓடி வந்தாள். பின்னால் ஒவ்வொருத்தியாக வந்து, அவளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழுதார்கள். மணி படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். அவன் முதுகில் கைவைத்தேன். நானும் அழுதேன். தொழில்முறையில் அழக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

வீடு நிறைய ஆட்கள் வந்துவிட்டார்கள். இனி அங்கே எனக்கு வேலை இல்லை. பூண்டை முறத்தில் ஓரமாக வைத்துவிட்டு எழுந்தேன். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் மினி பஸ் ஹாரன் அடித்தது, நிஜமாகவே. இத்தனை நாள் நான் பொய்யாகக் கூப்பிட்ட பஸ் அன்றைக்கென்று நேரத்துக்கு வந்து நின்றது. ஆனால் எனக்குக் கால் நகரவில்லை. வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பெண்களின் தோள்களுக்கு நடுவிலிருந்து சுகந்தி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். பூவை அவளே எடுத்துக் கையில் வைத்திருந்தாள்.

"அக்கா... இன்னைக்கு சொல்லாம போங்க."

ஆறுதல் சொல்வதற்காகச் சம்பளம் வாங்குகிற நான் மரக்காணத்தில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், வாயை மூடிக்கொண்டு எழுந்துபோய் பஸ் ஏறியதுதான்.